சங்கத்திற்குப் பழைய வண்டி வாங்குமுன்

விளைந்த கத்தரியும் வெண்டையும் விடியுமுன் கோயம்பேடு சேராவிடில் அன்றைய நல்ல விலை கைநழுவிப் போகும். தறியிலிருந்து இறக்கிய சேலை வழியில் மழைக்கு நனைந்தால் நெசவாளர் குடும்பத்தின் பல நாள் உழைப்பு பாழாகும். வாடகை வண்டியை நம்பியிருப்பதிலுள்ள தொல்லைகளை அங்கத்தினர்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. எனவே, புது வண்டிக்கு முதல் போதாத சங்கங்கள் பழைய டீசல் பிக்கப் வண்டியை நாடுகின்றன. நாடுவதில் தவறில்லை. ஆனால் எதைக் கண்டு நம்புவது, எதைக் கேட்டு அஞ்சுவது என்பதில்தான் நம்மவர் தவறிவிடுகின்றனர்.

இதனை அண்மையில் நேரில் கண்டேன். திருக்கழுக்குன்றம் பக்கத்துச் சிறு சங்கமொன்றின் நிர்வாகக் குழுவினர் வண்டி பார்க்க ஊரப்பாக்கம் வந்தனர். அவ்வூரில் குடியிருப்பவன் என்பதால் என்னையும் உடன் அழைத்தனர். அன்று விடுமுறை நாள். ஆய்வாளன் என்ற முறையிலன்றிச் சங்கத்தின் நலம் நாடுபவன் என்ற முறையிலேயே சென்றேன்.

ஜி.எஸ்.டி. சாலையோரக் கொட்டகையொன்றில் இரண்டு வண்டிகளைக் காட்டினார்கள். முதலாவது, 2019-ஆம் ஆண்டு வண்டி. கடைவீதியில் நல்ல பெயரெடுத்த வகை. புது வர்ணம் பூசிப் பளபளத்தது. கேட்ட விலை நாலேகால் லட்சம். இரண்டாவது, 2017-ஆம் ஆண்டு அசோக் லேலண்ட் தோஸ்த்; வெயிலில் வெளுத்து, பின்கதவு நசுங்கியிருந்தது. விலை நாலு லட்சம்.

தலைவர் முதல் வண்டியின் பக்கமே சாய்ந்தார். "ஐயா, இது இரண்டாண்டு இளையது. அதுவோ கூட்டு முறிந்த கம்பெனி வண்டி. நாளைக்கு உதிரிப்பாகத்திற்கு எங்கே போவது?" என்றார். அவர் கூறியதில் பாதி உண்மை. தோஸ்த் வண்டியை 2011-இல் அசோக் லேலண்டும் ஜப்பானிய நிஸானும் கூட்டாக வெளியிட்டன. 2016-இல் நிஸான் விலகிற்று. ஆயினும் அசோக் லேலண்ட் முழுப் பொறுப்பையும் ஏற்று அவ்வண்டியைத் தொடர்ந்து செய்து வருகிறது. நாங்கள் பார்த்த வண்டியே கூட்டுப் பிரிந்த பின் செய்யப்பட்டது. வதந்திக்கு அஞ்சி வண்டியைத் தள்ளுவதும் நஷ்டமே.

அப்போது குழுவிலிருந்த மூதாட்டியார் ஒருவர், "தம்பி, அந்தப் பளபள வண்டி ஏன் இவ்வளவு மலிவு?" என்று கேட்டார். அதுவரை எங்களில் எவரும் அதைக் கேட்கவில்லை.

விடை தேடித் தரைவிரிப்பைத் தூக்கினோம். விரிப்பு புதிது; அதன் கீழ் மூலைகளில் மெல்லிய வண்டல் படிந்திருந்தது. இருக்கைப் பட்டையை முழுவதும் இழுத்தபோது அதன் அடிப்பகுதியில் காய்ந்த சேற்றுக் கோடு தெரிந்தது. இருக்கையைத் தாங்கும் போல்ட்டுகள் துருவேறியிருந்தன. காப்பீட்டுத் தாள்களை வரிசையாகக் கேட்டோம். 2023 டிசம்பருக்குப் பின் ஏழு மாதம் காப்பீடே இல்லை. அடுத்த ஆண்டில் இருமுறை உடைமை மாறியிருந்தது. அது வெள்ளத்தில் மூழ்கிய வண்டி.

இவ்வட்டாரத்தில் இது புதுமையன்று. அடையாற்றின் தலைப்பாகிய ஆதனூர் ஏரி ஊரப்பாக்கத்திற்கு அண்மையிலேயே உள்ளது. 2015 டிசம்பர் முதல் தேதி தொடங்கிய மழையில் ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவாயிற்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும் அவ்வாறே வண்டிகளை நீரில் நிறுத்திற்று. பழுது நீக்கும் செலவு காப்பீட்டு மதிப்பில் நூற்றுக்கு 75-க்கு மேற்பட்டால் அவ்வண்டியை முழு நஷ்டமாகக் கருதி ஈடு வழங்குவது காப்பீட்டு வழக்கம். எஞ்சிய வண்டி ஏலத்திற்குப் போகும். பழுது பார்க்கப்பட்டு மீண்டும் விலைக்கு வரும். இது சட்ட விரோதமன்று. வாங்குவோரிடம் மறைப்பதே குற்றம்.

வெள்ள நீர் டீசல் எஞ்சினுக்குப் பெரும் பகை. சிலிண்டரில் காற்றை அழுத்தலாம். நீரை அழுத்த இயலாது. நீர் புகுந்த எஞ்சினை ஓட்ட முயன்றால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். மேலும், இக்கால டீசல் வண்டிகளில் எரிபொருளை அளந்து விடுவது மின்னணுக் கருவி. அதன் இணைப்புகளில் ஏறிய ஈரம் மெல்ல மெல்ல அரிக்கும். இன்று ஒரே திருப்பில் கிளம்பும் வண்டி சில மாதங்களில் நள்ளிரவில், சரக்கோடு, நடுவழியில் நின்றுவிடக் கூடும்.

இனி ஆவணங்களைப் பற்றி. என் தமையனார் சில ஆண்டுகளுக்கு முன் தம் பழைய வண்டியை விற்றபோது, வாங்கியவர் பேச்சை நம்பி வெற்றுப் படிவங்களில் கையெழுத்திட்டுக் கொடுத்தார். வாங்கியவர் பெயர் மாற்றவில்லை. வண்டி விபத்தில் சிக்கியதும் நஷ்டஈட்டு வழக்கின் நோட்டீஸ் தமையனாருக்கு வந்தது. பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே உடைமையாளராகப் பொறுப்பேற்க வேண்டும் என 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. ஆகவே படிவம் 29, படிவம் 30 ஆகியவற்றை முறைப்படி நிரப்பிப் பெயர் மாற்றுவது விற்பவர், வாங்குபவர் இருவர்க்கும் பாதுகாப்பு. ஆர்.சி.யில் கடன் குறிப்பு இருப்பின் படிவம் 35-உடன் கடன் கொடுத்தவரின் தடையின்மைச் சான்றும் பெற்று அதனை நீக்க வேண்டும்.

வெளிமாநில வண்டியாயின் எச்சரிக்கை இன்னும் அதிகம் வேண்டும். 2015-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் டில்லி வட்டாரத்தில் பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளுக்குத் தடை விதித்த பின், அங்கிருந்து பல வண்டிகள் பிற மாநிலங்களுக்கு விலையாயின. அத்தகைய வண்டிக்கு முந்தைய பதிவு அலுவலகத்தின் தடையின்மைச் சான்று இன்றியமையாதது. பன்னிரண்டு மாதத்திற்கு மேல் இங்கு வைத்திருப்பின் மறுபதிவும் செய்தாக வேண்டும். எட்டாண்டு கடந்த எந்தச் சரக்கு வண்டிக்கும் எஃப்.சி. ஆண்டுதோறும் எடுக்க வேண்டியிருப்பதால், அச்செலவையும் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.

அன்று நாங்கள் முதல் வண்டியை விட்டுவிட்டோம். இரண்டாவது வண்டியைச் சங்கத்திற்கு அறிமுகமான மெக்கானிக் ஒருவர் மறுநாள் அதிகாலையில், எஞ்சின் சூடேறுமுன், கிளப்பிப் பார்த்தார். கிளம்பியதும் சிறிது புகைந்து பின் தெளிந்தது. எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்ததில் புகை பீறிடவில்லை. சேஸில் விரிசலோ வெல்டிங் ஒட்டோ இல்லை. கிளட்சும் இரண்டு டயர்களும் மாற்ற வேண்டியிருந்தன. அவற்றைச் சுட்டிக்காட்டி விலையில் இருபத்தையாயிரம் ரூபாய் குறைத்தார்கள்.

குழுக் கூட்டத்தில் மெக்கானிக்கின் குறிப்பு படிக்கப்பட்டுத் தீர்மானம் நிறைவேறியது. தரகரோடு பழக்கமுள்ள உறுப்பினர் ஒருவர் தாமாகவே வாக்களியாது ஒதுங்கி நின்றார், அது பாராட்டத்தக்கது. பணம் தரகர் கைக்குப் போகாமல், ஆர்.சி.யில் பெயருள்ளவரின் வங்கிக் கணக்கிற்கே செலுத்தப்பட்டது. நசுங்கிய பின்கதவோடு அவ்வண்டி இப்பொழுது இரவுதோறும் கோயம்பேடு சென்று வருகிறது.

சங்கத்தின் பெட்டியிலுள்ளது ஒருவர் பணமன்று. சிறுகச் சிறுகச் சேர்ந்த பங்குத் தொகையும் சேமிப்பும் ஆகும். சொந்தப் பணத்தில் ஏமாறியவன் தன்னையே நொந்துகொள்வான். சங்கப் பணத்தில் ஏமாந்தால் அத்தனை குடும்பங்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். ஆகவே நிர்வாகிகள் வண்டியின் பெயரையும் வர்ணத்தையும் பார்த்து மயங்காமல், அதன் அடிப்பாகத்தையும் ஆவணங்களையும் பார்க்க வேண்டும். அங்கத்தினர்களோ, "ஏன் இவ்வளவு மலிவு?" என்று அம்மூதாட்டியார் கேட்டது போல் கூட்டத்தில் எழுந்து கேட்கத் தயங்கலாகாது. அக்கேள்வியைக் கேட்பது அவர்கள் உரிமை மட்டுமன்று, கடமையும் ஆகும்.