டாக்டரிடம் போன தாளம்

1984இல் மியாமி சவுண்ட் மெஷின் என்கிற குழு 'ஐஸ் ஆஃப் இன்னொசென்ஸ்' என்ற இசைத்தட்டைக் கொண்டுவந்தது. முழுக்க ஆங்கிலத்தில் அவர்கள் வெளியிட்ட முதல் தொகுப்பு அது. எமிலியோ எஸ்தெஃபான், குளோரியா எஸ்தெஃபான் இருவருமே கியூபாவில் பிறந்து, புரட்சிக்குப் பின் நாட்டைவிட்டு வந்த குடும்பங்களின் பிள்ளைகள். மியாமியில் கல்யாண வீடுகளில் வாசித்து வளர்ந்த குழு. இந்த இசைத்தட்டைப் பற்றிப் பேச வருகிறவர்கள் வழக்கமாக இரண்டில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். 'சந்தைக்காகத் தாய்மொழியை விற்றுவிட்டார்கள்' என்பது ஒன்று. 'சிறுபான்மையினர் மைய நீரோட்டத்தை வென்றுவிட்டார்கள்' என்பது மற்றொன்று. துரோகம் அல்லது வெற்றி. இரண்டுமே மொழியைக் கைமாறக்கூடிய ஒரு சொத்தாகப் பார்க்கின்றன. யார் எந்த மொழியில் பேசலாம் என்று முடிவு செய்கிற அதிகாரம் எங்கே இருந்தது என்று இரண்டுமே கேட்பதில்லை.

அதைக் கேட்போம். மியாமியை உள்ளடக்கிய டேட் கவுண்டி 1973இல் தன்னை இருமொழிப் பகுதியாக அறிவித்துக்கொண்டது. 1980இல் மரியெல் துறைமுகத்திலிருந்து சுமார் 1,25,000 கியூபர்கள் படகுகளில் வந்து இறங்கினார்கள். அதே ஆண்டு நவம்பரில் நடந்த வாக்கெடுப்பில், ஆங்கிலம் தவிர வேறு மொழிக்காகவோ, அமெரிக்கக் கலாச்சாரம் தவிர வேறு கலாச்சாரத்தை வளர்ப்பதற்காகவோ கவுண்டியின் பணத்தைச் செலவழிக்கக் கூடாது என்று சட்டம் நிறைவேறியது. அதாவது அரசு சொன்னது: ஆங்கிலத்தில் பேசு.

கம்பெனி என்ன சொன்னது? நேர் எதிராகச் சொன்னது. சிபிஎஸ் நிறுவனத்தின் ஸ்பானிய மொழிப் பிரிவு இக்குழுவோடு ஒப்பந்தம் போட்டு, லத்தீன் அமெரிக்கச் சந்தைக்கான இசைத்தட்டுகளை வெளியிட்டு வந்தது. 'லத்தீன்' என்கிற அலமாரிக்குள் உன்னை வைத்திருக்கிறோம், அங்கேயே இரு என்பதுதான் இதன் பொருள். வரி கட்டுகிற குடிமகனிடம் ஆங்கிலம் கேட்கிறார்கள், பாட்டுப் பாடுகிறவரிடம் ஸ்பானியம் கேட்கிறார்கள். ஆட்சி மொழியைத் திணிப்பது மட்டும்தான் மொழி அதிகாரம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். 'உன் மொழியிலேயே இரு, அதுதான் உன் அடையாளம்' என்று வேலி கட்டிக் கொடுப்பதும் அதே அதிகாரம்தான். இந்த வேலியை வைத்துப் பார்த்தால், 1984இன் ஆங்கிலத்தை வெறும் சரணடைதல் என்று சொல்லிவிட முடியாது.

ஆனால் அதை விடுதலை என்று கொண்டாடவும் முடியாது. அந்தத் தொகுப்பில் நடன அரங்குகளைக் கலக்கிய பாட்டு 'டாக்டர் பீட்'. குழுவின் டிரம்மர் என்ரிக்கே கார்சியா எழுதியது. பிரிட்டனில் 6ஆம் இடம் வரை போனது. ஆடாமல் இருக்க முடியாத ஒருத்தி மருத்துவரிடம் முறையிடுகிறாள் என்பதுதான் விஷயம். ஆட்டம் இங்கே ஒரு நோய். விளையாட்டுதானே என்று விட்டுவிடலாம். ஆனால் இந்த உருவகத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

1925இல் கியூபாவின் சந்தியாகோ நகர மேயர், கார்னிவல் தெருக்களில் கறுப்பர்களின் கொங்கா முரசுக்குத் தடை போட்டார். அந்தத் தாளத்துக்கு ஆடும் உடல்களை வலிப்பு வந்த உடல்களாகவும், நாகரிகத்துக்கு இழுக்காகவும் கண்ட பார்வை அந்தத் தடைக்குள் இருந்தது. அந்த மேயரின் மகன்தான் டெசி அர்னாஸ். 1930களின் கடைசியில் மியாமி பீச்சுக்கு வந்து, அதே கொங்காவை வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணிகளுக்கு வரிசையில் ஆடக் கற்றுக்கொடுத்துப் பேர் வாங்கியவர்! அப்பா தடை செய்ததை மகன் விற்றார். இதில் தனிமனித முரண் ஒன்றுமில்லை. கறுப்பு உடலிலிருந்து தாளத்தைப் பிரித்தெடுத்துவிட்டால் அது ஆபத்தில்லாத சரக்காகிவிடுகிறது, அவ்வளவுதான்.

1985இல் வந்த 'கொங்கா' பாட்டு இதே பாதையில்தான் போனது. இதையும் எழுதியவர் கார்சியாதான். அமெரிக்காவில் 10ஆம் இடம் பிடித்தது. பில்போர்டின் பாப், நடனம், கறுப்பிசை, லத்தீன் ஆகிய நான்கு பட்டியல்களிலும் ஒரே நேரத்தில் இடம்பெற்றது. சொற்கள் ஆங்கிலம், பெயரும் தாளமும் சந்தியாகோவின் கறுப்புத் தெருக்கள். மொழி எல்லையைக் கடப்பதைப் பற்றி ஊரெல்லாம் பேசினார்கள். நிற எல்லை எப்படிக் கடக்கப்பட்டது என்பது பேச்சிலேயே வரவில்லை.

மியாமியின் மற்ற உடல்கள் அப்போது எங்கே இருந்தன? 1980 மே மாதம், ஒரு கறுப்பரை அடித்துக் கொன்ற வழக்கில் போலீஸ்காரர்கள் விடுவிக்கப்பட்டதும், லிபர்ட்டி சிட்டியில் கலவரம் வெடித்து 18 பேர் செத்தார்கள். 1981 முதல், ஹெய்ட்டியிலிருந்து வந்த கறுப்பர்களின் படகுகளைக் கடலிலேயே மறித்துத் திருப்பி அனுப்பத் தொடங்கினார்கள். கொங்கா கரையேறியது. அதை ஆடிய மக்களைப் போன்றவர்கள் கரையேற முடியவில்லை. 'கிராஸ்ஓவர்' என்று சந்தை கொண்டாடுகிற கடத்தல், யாருக்குக் கதவு திறக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் நடக்கிறது.

இதையெல்லாம் ஒரு குழுவின் தலையில் சுமத்துவது நியாயமில்லை. அவர்கள் இன்னொருவரின் வேலியைத் தாண்டினார்கள், அது உண்மை. தாண்டியபோது தோளில் ஏற்றிக்கொண்ட தாளம் வேறொருவருடையது, அதுவும் உண்மை. இரண்டையும் ஒன்றாகச் சொல்லத் தெரிய வேண்டும்.

1993இல் டேட் கவுண்டி அந்த ஆங்கிலச் சட்டத்தை ரத்து செய்தது. அதே ஆண்டு குளோரியா எஸ்தெஃபான் 'மி தியெர்ரா'வை வெளியிட்டார். 'என் மண்' என்று பொருள்படும் ஸ்பானியத் தொகுப்பு. இழந்த கியூபாவுக்கான ஏக்கம். தாய்மொழிக்குத் திரும்பிவிட்டார் என்று பலரும் நெகிழ்ந்தார்கள். ஆங்கிலத்தில் ஜெயித்தவருக்குத்தான் அப்படிக் கௌரவமாகத் திரும்பிவர முடிகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மொழி, அடையாளம், எதிர்ப்பு என்று எழுதுகிற நாம், எந்த மொழியில் பாடினார்கள் என்று கேட்பதோடு நின்றுவிடுகிறோம். அந்த மொழியைப் பாடகர் கையில் கொடுத்தது யார், தாளம் யாருடைய தெருவிலிருந்து வந்தது, அந்தத் தெருக்காரர்கள் இன்று அரங்கத்துக்குள் இருக்கிறார்களா, வாசலில் நிற்கிறார்களா — இந்த மூன்று கேள்விகளையும் கேட்ட பிறகுதான் துரோகம், வெற்றி என்கிற சொற்களை எடுக்க நமக்கு உரிமை வருகிறது.