மர மட்டை போடும் மார்க்... அமெரிக்கக் கல்லூரிகளுக்கு ஒரு கோடைப் பரீட்சை!

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், மடக்கிய கையைப் போல அட்லான்டிக் கடலுக்குள் நீண்டு கிடக்கிறது கேப் காட். அந்தக் கையின் முழங்கைப் பக்கம் இருக்கும் சின்ன ஊர் சாட்டம். ஜூலை மாத மாலைகளில் அங்கே பேஸ்பால் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே கடலிலிருந்து மூடுபனி ஏறி வந்துவிடும். தூரத்தில் ஃபீல்டிங் நிற்கும் பையன் கண்ணுக்கே தெரியமாட்டான். நடுவர் ஆட்டத்தை நிறுத்திவிடுவார். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. டிக்கெட் வாங்கி வந்தவர்கள் இல்லையே! நுழைவு இலவசம், கூட்டத்துக்குள் நன்கொடைக்காக ஏந்தி வருவதில் விருப்பப்பட்டதைப் போட்டால் போதும்.

பக்கத்து ஊரான ஆர்லியன்ஸில் மைதானத்தை ஒட்டி ஒரு மேடு இருக்கிறது. மாலை ஆட்டத்துக்கு இடம் பிடிக்க, காலையிலேயே மடக்கு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போவார்கள். கொட்டூயிட் ஊர் மைதானத்தில் விளக்குகளே கிடையாது. இருட்டுவதற்குள் ஆட்டத்தை முடித்தாக வேண்டும்.

பார்த்தால் ஏதோ ஊர்த் திருவிழா ஆட்டம் மாதிரி தெரியும். ஆனால், பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். கையில் வேகம் அளக்கும் ரேடார் கருவி, மடியில் நோட்டு. மேஜர் லீக் அணிகள் அனுப்பிய ஸ்கவுட்கள் அவர்கள். மைதானத்தில் நிற்பவர்கள் 19, 20 வயதுக் கல்லூரி மாணவர்கள். நாடு முழுக்க இருக்கும் கல்லூரிகளிலிருந்து பொறுக்கி எடுத்து வரவழைக்கப்பட்டவர்கள். ஆரோன் ஜட்ஜ், பஸ்டர் போஸி, கிரிஸ் பிரையன்ட் என மேஜர் லீக்கை ஆண்ட பலர், மாணவர்களாக இருந்தபோது ஒரு கோடையையாவது இங்கே கழித்தவர்கள்.

ஆகஸ்டில் இந்த ஆட்டங்கள் முடிந்ததும், பேஸ்பால் பைத்தியங்கள் ஒரு கணக்குப் போட உட்காருவார்கள். இந்தக் கோடையில் எந்தக் கல்லூரியின் பையன்கள் அதிகம் சாதித்தார்கள்? அதை வைத்து கல்லூரிகளை வரிசைப்படுத்தினால் யார் முதலிடம்?

கேள்வி எளிமையானது. பதில் அப்படி இல்லை.

அலுமினியம் மறைத்த குட்டு

கல்லூரி சீஸன் முடிந்த பிறகு, கோடையில் தனியாக ஏன் ஒரு பரீட்சை? காரணம், மட்டை.

அமெரிக்கக் கல்லூரி பேஸ்பாலில் 1974 முதல் உலோக மட்டைக்கு அனுமதி உண்டு. மர மட்டை அடிக்கடி உடையும், செலவு கட்டுப்படியாகாது. அதனால் கல்லூரிகள் அலுமினியத்துக்குத் தாவின. மேஜர் லீக்கிலோ இன்றுவரை மரம்தான். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சாதாரணமானதல்ல. உலோக மட்டையில் பந்து சரியான இடத்தில் படாமல் கைப்பிடிப் பக்கமாகப் பட்டாலும் எப்படியோ தட்டுத் தடுமாறி ஃபீல்டர் தலைக்கு மேல் போய் விழுந்துவிடும். அதே பந்து மர மட்டையில் பட்டால் மட்டை இரண்டாகப் பிளக்கும். பந்து பிட்சரின் காலடிக்கே உருண்டு வரும். கல்லூரியில் வெளுத்து வாங்கியவன் மர மட்டையோடு திணறுவது அங்கே வருடா வருடம் நடக்கும் கதை. 2011-ல் புதிய விதி கொண்டுவந்து உலோக மட்டையின் துள்ளலைக் குறைத்தார்கள். அப்படியும் மரம் மரம்தான்.

கேப் காட் லீக் 1985-ல் மர மட்டைக்குத் திரும்பியது. அன்றிலிருந்து ஸ்கவுட்களுக்கு இந்த 10 ஊர் அணிகள் பரீட்சைக் கூடமாகிவிட்டன. நல்ல பிட்சர்களை எதிர்த்து, மர மட்டையோடு, வாரத்துக்கு ஆறு நாள் ஆட்டம். கிட்டத்தட்ட மேஜர் லீக் வாழ்க்கையின் ஒத்திகை.

பையன்கள் தங்குவது விடுதியில் அல்ல. உள்ளூர்க் குடும்பங்கள் தங்கள் வீட்டில் ஓர் அறையை ஒதுக்கிக் கொடுக்கின்றன. ராத்திரி ஆட்டம் முடிந்து பசியோடு வரும் பையனுக்குச் சாப்பாடு எடுத்து வைப்பதும், நாலு முறை ஸ்ட்ரைக் அவுட் ஆகி முகம் தொங்கி வருபவனிடம் எதுவும் கேட்காமல் இருப்பதும் அந்த வீட்டுக்காரர்களுக்குப் பழக்கம். சில வீடுகளில் இது பல வருடங்களாகத் தொடர்கிறது.

36-க்கும் 31-க்கும் நடுவில்

சரி, கணக்குக்கு வருவோம். பேட்டர் ஒருவர் சட்டப்படி ஆடிய வாய்ப்புகளில் எத்தனை முறை ஹிட் அடித்தார் என்பதுதான் பேஸ்பாலின் பேட்டிங் சராசரி. பத்துக்கு மூன்று என்றால் .300. கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும், பத்தில் ஏழு முறை தோற்பவன் இங்கே நட்சத்திரம்!

கேப் காட்டில் ஓர் அணிக்குச் சுமார் 40 ஆட்டங்கள். தொடர்ந்து ஆடும் பேட்டருக்கு 120 வாய்ப்புகள் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். 36 ஹிட் அடித்தால் சராசரி .300. ஐந்தே ஐந்து பந்துகள், கோடையில் வாரத்துக்கு ஒன்றைவிடக் குறைவு, ஓரடி தள்ளி ஃபீல்டர் கைக்கு நேராகப் போயிருந்தால்? 31 ஹிட். சராசரி .258. முன்னவன் 'நட்சத்திரம்', பின்னவன் 'பரவாயில்லை'. இருவருக்கும் நடுவே இருப்பது திறமை அல்ல, காற்று. .300 அடிக்கும் திறமையுள்ள ஒருவன் 120 வாய்ப்புகளில் இப்படி ஐந்து ஹிட் மேலேயோ கீழேயோ போவது புள்ளியியல்படி மிகச் சாதாரணம்.

இந்த மாதிரி எண்களைக் கூட்டித்தான் கல்லூரிக்கு ரேங்க் போடுகிறார்கள். பத்துப் பேரை அனுப்பும் கல்லூரியில் ஒருவனின் அதிர்ஷ்டமும் இன்னொருவனின் துரதிர்ஷ்டமும் ஓரளவு நேர்செய்துகொள்ளும். இரண்டே பேரை அனுப்பும் சின்னக் கல்லூரி ஒரே கோடையில் உச்சியிலும் நிற்கலாம், அடியிலும் கிடக்கலாம். மொத்தமாகக் கூட்டினால் பெரிய கல்லூரிகளுக்கு லாபம். சராசரி எடுத்தால் சின்னக் கல்லூரிகளுக்கு லாட்டரி.

இன்னொரு முரண் இருக்கிறது. கல்லூரி சாம்பியன்ஷிப்பின் கடைசிக் கட்டம், ஜூன் மாதம் நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமஹா நகரத்தில் நடக்கும். அதில் கடைசிவரை போன அணியின் பையன்கள், கோடை லீக் தொடங்கிப் பல ஆட்டங்கள் முடிந்த பிறகுதான் வந்து சேர முடியும். அதுவரை அவர்கள் இடத்தை நிரப்பத் தற்காலிக ஆட்டக்காரர்கள். அதாவது, எந்தக் கல்லூரி அணி நாட்டிலேயே சிறந்ததோ, அதன் கோடைக் கணக்கில் அந்தக் காரணத்துக்காகவே ஆட்டங்கள் குறையும். பிட்சர்கள் விஷயம் இதைவிடச் சிக்கல். வசந்த காலம் முழுக்க வீசி ஓய்ந்த தோளுக்கு, 'இத்தனை இன்னிங்ஸுக்கு மேல் வீசக் கூடாது' என்று கட்டுப்பாடு போட்டு அனுப்புகிறார் கல்லூரிப் பயிற்சியாளர். சிலரை அனுப்புவதே இல்லை. மிகச் சிறந்த சிலர் அமெரிக்காவின் கல்லூரி தேசிய அணிக்குப் போய்விடுகிறார்கள். அவர்களின் சாதனை எந்த லீக் கணக்கிலும் ஏறாது.

லீக்கும் ஒன்றல்ல. விஸ்கான்சின், மினசோட்டா பக்கம் நார்த்வுட்ஸ் லீக். கரோலினா மாநிலங்களில் கோஸ்டல் பிளெயின் லீக். நள்ளிரவு வரை வெளிச்சம் மங்காத அலாஸ்காவில் ஒரு லீக். அங்கே ஃபேர்பேங்க்ஸ் நகரில், வருடத்தின் மிக நீண்ட பகலன்று இரவு பத்து மணிக்கு மேல் விளக்கே போடாமல் ஓர் ஆட்டம் நடத்துவார்கள். இந்த வழக்கம் 1906-ல் தொடங்கியது. ஆனால், எல்லா லீக்கிலும் எதிரே வீசுபவர்களின் தரம் ஒன்றல்ல. கேப் காட்டில் .260 அடித்தவனையும் வேறொரு லீக்கில் .320 அடித்தவனையும் ஒரே தராசில் வைத்தால் கேப் காட்காரனுக்கு அநியாயம்.

ரேங்க் பட்டியலில் இல்லாத மூன்று பேர்

இத்தனை ஓட்டைகள் இருந்தும் இந்தக் கோடைக் கணக்கை யாரும் தூக்கிப் போடாததற்குக் காரணம் உண்டு. கல்லூரியின் பெயர் பார்க்காமல் பையனைப் பார்க்கக் கிடைக்கும் அபூர்வமான வாய்ப்பு இது.

பில்லி வாக்னர் சின்ன வயதில் வலது கையை இரண்டு முறை உடைத்துக்கொண்டவர். வேறு வழியில்லாமல் இடது கையால் எறியப் பழகினார். படித்தது வர்ஜீனியாவில் ஃபெரம் கல்லூரி. விளையாட்டுத் தரவரிசையில் அது அப்போது மூன்றாம் பிரிவு. பெரிய ஸ்கவுட்கள் வழக்கமாக எட்டிப் பார்க்காத இடம். 1992 கோடையில் கேப் காட்டின் புரூஸ்டர் அணிக்கு வீசினார். அடுத்த வருடம் ஹூஸ்டன் அணி அவரை முதல் சுற்றில், 12-வது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. 2025-ல் பேஸ்பாலின் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் ஏறியது.

கிரிஸ் சேல் 2007-ல் பள்ளி முடித்தபோது, அவரை ஓர் அணி 21-வது சுற்றில்தான் சீந்தியது. அவர் சேர்ந்தது 1997-ல்தான் வகுப்புகளைத் தொடங்கிய ஃப்ளோரிடா கல்ஃப் கோஸ்ட் பல்கலைக்கழகத்தில். 2009-ல் கேப் காட்டின் யார்மத்-டென்னிஸ் அணிக்கு ஆடினார். 2010-ல் முதல் சுற்றில் 13-வது தேர்வு. 2024-ல் பிட்சர்களின் உச்ச விருதான சை யங் விருது.

ஜெஃப் பேக்வெல் கனெக்டிகட்டின் ஹார்ட்ஃபோர்ட் பல்கலைக்கழக மாணவர். 1987, 88 கோடைகளில் சாட்டம் அணி. 1994-ல் மேஜர் லீக்கின் தேசிய லீக் பிரிவில் அதிமதிப்பு ஆட்டக்காரர். 2017-ல் புகழ் மண்டபம். அவரை உருவாக்கிய அந்தப் பல்கலைக்கழகமோ 2021-ல் முதல் பிரிவு விளையாட்டிலிருந்து மூன்றாம் பிரிவுக்கு இறங்க முடிவெடுத்தது.

மூவருக்குமே திருப்புமுனை, இரண்டாம் வருடப் படிப்பு முடிந்த கோடை. நான்கு வருடக் கல்லூரியில் சேர்ந்தவர்களை மேஜர் லீக் அணிகள் பெரும்பாலும் மூன்றாம் வருடம் முடிந்த பிறகுதான் எடுக்க முடியும். ஆக, அந்தக் கோடைதான் கடைசிப் பெரிய நேர்காணல். முன்பு 40 சுற்றுகள் நடந்த தேர்வு 2021 முதல் 20 சுற்றுகளாகச் சுருங்கிவிட்டது. கதவு பாதியாக மூடிய பிறகு, அந்த நேர்காணலின் கனம் கூடித்தானே இருக்கும்?

பெருமை யாருக்கு, பையன் யாருக்கு?

வாக்னர் காலத்துக்கும் இன்றைக்கும் ஒரு பெரிய வித்தியாசம். அன்று கோடையில் ஜொலித்த பையன் இலையுதிர் காலத்தில் தன் கல்லூரிக்கே திரும்பிப் போனான். 2021-க்கு முந்தைய சில வருடங்களில், வேறு கல்லூரிக்கு மாறினால் பொதுவாக ஒரு வருடம் உட்கார வேண்டியிருந்தது. 2021-ல் அந்தத் தடை தளர்ந்தது. மாறிய உடனே ஆடலாம். அதே வருடம், மாணவர்கள் தங்கள் பெயரையும் புகழையும் வைத்துப் பணம் சம்பாதிக்கவும் அனுமதி வந்தது. ஜூன் மாதம், கேப் காட்டில் முதல் ஆட்டங்கள் நடக்கும்போதே, கல்லூரி மாறுவதற்கான ஜன்னலும் திறந்திருக்கிறது.

பால் ஸ்கீன்ஸ் கதையைப் பார்க்கலாம். அமெரிக்க விமானப்படை அகாடமியில் இரண்டு வருடம் படித்து, கேட்சராகவும் பிட்சராகவும் ஆடினார். பிறகு லூயிசியானா மாநிலப் பல்கலைக்கழகமான எல்.எஸ்.யு-வுக்கு மாறினார். 2023-ல் எல்.எஸ்.யு தேசிய சாம்பியன். ஸ்கீன்ஸ் அந்த வருடத் தேர்வில் முதல் ஆள். சாம்பியன் கோப்பை எல்.எஸ்.யு அலமாரியில் இருக்கிறது. ரேங்க் போடுபவர் அவரை எந்தக் கல்லூரிக் கணக்கில் எழுதுவார்? எல்.எஸ்.யு என்றுதான். அகாடமியில் அவரோடு வியர்வை சிந்திய பயிற்சியாளர்களுக்கு அந்தக் கணக்கில் ஒரு வரிகூட இல்லை.

கோடைப் பட்டியலில் ஒரு சின்னக் கல்லூரி மேலே வருவது இப்போது அதற்குச் சந்தோஷம் மட்டுமல்ல. 'எங்களிடம் நல்ல பையன் இருக்கிறான்' என்று ஊருக்கே தண்டோரா போட்ட மாதிரி. அடுத்த ஜூனில் போன் அடிக்கும், அவனுடைய வீட்டில்.

இதில் நிஜமாகத் தவிப்பது பள்ளி முடிக்கும் பையனின் பெற்றோர்தான். கல்லூரி பேஸ்பாலில் நெடுங்காலம் ஓர் அணிக்கு 11.7 உதவித்தொகைதான், அதை 27 பேர் வரை பங்கு போட்டுக்கொண்டார்கள். பாதி கட்டணம், கால் கட்டணம் என்று மீதியைக் குடும்பமே கட்டியது. 2025-26 முதல் புதிய ஏற்பாட்டில் சேர்ந்த கல்லூரிகளுக்கு அந்த உச்சவரம்பு நீங்கி, அதற்குப் பதில் அணியில் 34 பேருக்கு மேல் கூடாது என்ற விதி வந்திருக்கிறது. பணம் பெருகலாம், நாற்காலிகள் குறைந்துவிட்டன. அதிலும் வெளியிலிருந்து தயாராக வரும் இருபத்தொரு வயதுக்காரனோடு பதினெட்டு வயதுப் பிள்ளை போட்டியிட வேண்டும். அந்த வீட்டில் ரேங்க் பட்டியலைப் பொழுதுபோக்குக்காக யாரும் படிப்பதில்லை.

அவர்களுக்குப் பயன்படும் பட்டியல் வேறு மாதிரி இருக்க வேண்டும். கோடையில் எத்தனை ஹோம் ரன் அடித்தார்கள் என்பதைவிட, முதல் வருடக் கோடைக்கும் இரண்டாம் வருடக் கோடைக்கும் நடுவே அதே கல்லூரியில் இருந்த அதே பையன் எவ்வளவு முன்னேறினான் என்று பார்க்க வேண்டும். ஸ்ட்ரைக் அவுட் குறைந்ததா, மோசமான பந்தை அடிக்காமல் விடும் பொறுமை கூடியதா... இவை காற்றடிக்கும் பக்கமெல்லாம் சாயாத எண்கள். அதோடு, கோடைக்கு அனுப்பிய பிட்சர்களில் எத்தனை பேர் தோள், முழங்கைக் காயமில்லாமல் திரும்பினார்கள் என்றும் எழுதினால் இன்னும் நல்லது. அப்படி ஒரு கணக்குப் போட வேலை அதிகம். வருடங்களும் ஆகும். முதலிடத்தில் பழகிய பெயர்கள் வராமலும் போகலாம்.

ஆகஸ்ட் நடுவில் கேப் காட்டில் சாம்பியன்ஷிப் முடியும். நாற்காலிகள் மேட்டிலிருந்து இறங்கும். தங்கியிருந்த வீட்டு வாசலில் ஒரு பையன் காரில் பையை ஏற்றிக்கொண்டிருப்பான், வீட்டுக்காரம்மா வழிக்கு ஏதாவது சாப்பிடக் கட்டிக் கொடுப்பார். ஜூனில் உடைந்த அவன் மட்டையின் ஒரு துண்டு, கையெழுத்தோடு அந்த வீட்டுக் குழந்தையின் அறையில் இருக்கும். கையெழுத்துக்குக் கீழே கல்லூரியின் பெயரையும் எழுதியிருப்பான். அடுத்த கோடையில் அவன் அதே கல்லூரிச் சட்டையோடு வருவானா என்பது மட்டும் அந்தக் காரில் ஏறும்போது அவனுக்கே தெரியாது.