ஷவரில் வரும் வெந்நீருக்கு ஓர் எல்லை

திருவையாற்றில் தைக்குளிர் என்றால் ஊட்டிக்காரர்கள் சிரிப்பார்கள். விடியற்காலையில் இருபது டிகிரியை ஒட்டி இறங்கிவிட்டால் போதும், இங்கே காதில் மப்ளர் ஏறிவிடும். அந்தச் சமயம் பார்த்துத்தான் ஊருக்கு ஆராதனைக் கூட்டமும் வரும். தியாகராஜர் 1847-இல் சித்தியடைந்த புஷ்ய பகுள பஞ்சமியன்று, காலை ஒன்பது மணிவாக்கில் பஞ்சரத்னக் கீர்த்தனைகளை எல்லோரும் சேர்ந்து பாடுவார்கள். வீட்டில் வந்து இறங்கியிருக்கும் சொந்தக்காரர்கள் அதற்குள் குளித்தாக வேண்டும். காவிரியில் முழுக்குப் போடப் போனவர்கள் நீங்கலாக மற்ற எல்லோருக்கும் 15 லிட்டர் கீசர் ஒன்றுதான். மூன்றாவது ஆள் உள்ளே போனதும் வெந்நீர் தீர்ந்துவிடும். உடனே யாராவது ஒருவர் கீசரின் குமிழைக் கடைசிவரை திருகிவிடுவார்.

அவர் செய்தது தப்புக் கணக்கு அல்ல. மேல்தொட்டித் தண்ணீர் 25 டிகிரி, நமக்குக் குளிக்க வேண்டியது 40 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கீசரில் 50 டிகிரியில் இருக்கும் 15 லிட்டரை விளாவினால் குளிக்கிற சூட்டில் 25 லிட்டர் கிடைக்கும். அதுவே 60 டிகிரி என்றால் 35 லிட்டர், 75 என்றால் 50 லிட்டர். ஒரே கீசர், ஒரே 15 லிட்டர். குமிழைத் திருப்பினால் இரண்டு வாளி மூன்று வாளியாகிறது. 2 கிலோவாட் கீசருக்கு 60 டிகிரியை எட்டப் பதினெட்டு நிமிடம், 75-ஐ எட்ட இருபத்தாறு நிமிடம் பிடிக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

வம்பு வருவது அதன் பிறகு. கூட்டம் ஊருக்குக் கிளம்பியதும் குமிழைத் திரும்ப இறக்க யாருக்கும் நினைவிருக்காது. அடுத்த வாரம் பாட்டி தனியாகக் குளிக்கப் போகிறார். சிவப்புப் பக்கம் குழாயைத் திறக்கிறார், அதில் 75 டிகிரி தண்ணீர் வருகிறது. மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் எவ்வளவு சூடு எவ்வளவு நேரத்தில் தோலை வேகவைக்கும் என்று அளந்து 1947-இல் வெளியிட்டார்கள். உலகமெங்கும் வெந்நீர் விதிகளுக்கு இன்றைக்கும் அதுதான் அடிப்படை. 49 டிகிரி தண்ணீர் பெரியவர்களின் தோலை ஆழமாகப் புண்ணாக்க ஏறக்குறைய பத்து நிமிடம் ஆகும். 60 டிகிரிக்கு ஐந்தே விநாடி. 70-க்கு ஒரு விநாடி போதும். குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் தோல் மெல்லியது, இன்னும் சீக்கிரம் புண்ணாகும். நீண்ட நாள் சர்க்கரை நோயாளிகளின் விஷயம் வேறு. நரம்பு மரத்துப்போன பாதத்தில் சொம்பிலிருந்து ஊற்றும் தண்ணீர் ஆவி பறக்க விழுந்தாலும் காலுக்குத் தெரியாது. சாயங்காலம் கொப்புளத்தைப் பார்த்த பிறகுதான் தெரியும்.

சரி, கீசரையே 45-இல் வைத்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வெந்நீர் சீக்கிரம் தீர்ந்துபோவது ஒரு காரணம். இன்னொன்று, 20-க்கும் 45-க்கும் இடைப்பட்ட வெதுவெதுப்பில் தேங்கும் தண்ணீர் லெஜியோனெல்லா என்ற நுண்ணுயிருக்குப் பிடித்தமான இடம். 1976-இல் ஃபிலடெல்ஃபியாவில் ஓர் ஓட்டலில் நடந்த முன்னாள் படைவீரர் மாநாட்டில் பரவிய நுரையீரல் நோயை வைத்துத்தான் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார்கள். 60 டிகிரியில் அது தாங்காது. அதனால் தொட்டிக்கு ஓர் எல்லை, ஷவருக்கு வேறோர் எல்லை என்று வைப்பதுதான் முறை: கீசருக்குள் 60, உடம்பில் விழும் இடத்தில் 41 அல்லது 43. முதல் எல்லையைக் கீசரின் குமிழ் பார்த்துக்கொள்ளும். சில கீசர்களில் அந்தக் குமிழ் அடி மூடிக்குள்ளே, மின்கம்பிகளுக்குப் பக்கத்தில் இருக்கும். அதைத் தொடுவது எலெக்ட்ரீஷியன் வேலை. நீங்கள் ஸ்க்ரூ டிரைவரோடு ஏறாதீர்கள். இரண்டாவது எல்லை ஷவர் வால்வில் இருக்கிறது. அதை வீட்டிலேயே சரிசெய்யலாம்.

அதற்கு முன் உங்கள் சுவரில் இருப்பது எது என்று பாருங்கள். நம் ஊரில் புதிதாகக் கட்டிய வீடுகளில் பெரும்பாலும் இருப்பது ஒற்றைப் பிடி டைவர்ட்டர். பிடியை ஒரு பக்கம் திருப்பினால் வெந்நீர், மறுபக்கம் திருப்பினால் பச்சைத் தண்ணீர். இது தெர்மோஸ்டாட் கிடையாது. எத்தனை டிகிரி தண்ணீர் போகிறது என்பது அதற்குத் தெரியாது. இரண்டையும் ஒரு விகிதத்தில் கலந்துவிடும், அவ்வளவே. சில மாடல்களில் பிடிக்கு அடியில் பல் வைத்த ஒரு வளையம் இருக்கும். அதை நகர்த்தினால் பிடி வெந்நீர்ப் பக்கம் முழுதாகத் திரும்பாமல் தடுக்கலாம். இல்லாததற்கு அது மேல். ஆனால் தடுப்பது கோணத்தைத்தானே தவிர சூட்டை அல்ல. தையில் வைத்த கோணம் சித்திரையில் செல்லாது. நீங்கள் குளிக்கும்போது அடுப்படியில் யாராவது குழாயைத் திறந்தால் பச்சைத் தண்ணீரின் அழுத்தம் குறைந்து, ஷவரில் சட்டென்று சூடு ஏறும்.

தெர்மோஸ்டாட்டிக் ஷவர் வேறு சாதி. கிடைமட்டமான ஒரு குழல், அதன் இரண்டு முனையிலும் ஒவ்வொரு குமிழ் இருக்கும். ஒன்று தண்ணீரின் அளவுக்கு, மற்றொன்று சூட்டுக்கு. சூட்டுக் குமிழில் எண்கள் போட்டிருக்கும். 38-க்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பொத்தான். லண்டனிலோ மெல்போர்னிலோ இருக்கும் மகள் வீட்டுக்குப் போன நம் ஊர்ப் பெரியவர்கள், "தண்ணி சூடாவே வரமாட்டேங்குது" என்று ஃபோனில் புலம்புவது பாதி நேரம் இந்தப் பொத்தானால்தான். அதை அழுத்திக்கொண்டு திருப்பினால்தான் குமிழ் 38-ஐத் தாண்டும். உள்ளே காட்ரிட்ஜில் ஒரு மெழுகுக் குப்பி இருக்கிறது. கலந்து வரும் தண்ணீர் சூடானால் மெழுகு விரிந்து வெந்நீர் வழியைக் குறுக்கும். ஆறினால் சுருங்கி வழியை விடும். மின்சாரம் வேண்டாம். பச்சைத் தண்ணீர் திடீரென்று நின்றுபோனால் வெந்நீரையும் அது அடைத்துவிட வேண்டும். இந்த ஒரு குணத்துக்காகவே கூடுதல் காசு கொடுக்கலாம் என்பேன்.

எல்லையை மாற்றும் வேலைக்கு அரைமணி நேரம் ஒதுக்குங்கள். கீசர் முழுதாகச் சூடாகி விளக்கு அணைந்த பிறகு ஸ்விட்சை அணைத்துவிட்டு ஆரம்பிக்கலாம். ஒரு தெர்மாமீட்டர் வேண்டும். காய்ச்சல் பார்ப்பது உதவாது, 42-க்குப் பக்கத்திலேயே நின்றுவிடும். சமையலுக்கு விற்கும் கூர்முனை டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். குமிழை 38-இல் வைத்து, தண்ணீரை ஒரு டம்ளரில் வழியவிட்டு, எண் நிலைக்கும்வரை பாருங்கள். 38 காட்டினால் வால்வு ஒழுங்காக இருக்கிறது, மேல் எல்லையை மட்டும் மாற்றினால் போதும். 42, 43 என்று காட்டினால் முதலில் குமிழையே திருத்த வேண்டும்.

தரையிலுள்ள சல்லடையைத் துணியால் மூடுங்கள். குமிழிலிருந்து கழலும் திருகு கடுகளவுதான். சல்லடைக்குள் விழுந்தால் போனதுதான். குமிழின் முனையில் இருக்கும் மூடியை நகத்தாலோ மெல்லிய கத்தியாலோ நெம்பினால் உள்ளே திருகு தெரியும். சிலவற்றில் அது குமிழின் அடிப்பக்கத்தில் இருக்கும், அதற்கு எலன் கீ வேண்டும். திருகைக் கழற்றிவிட்டுக் குமிழைத் திருப்பாமல் நேராக உங்கள் பக்கம் இழுங்கள். இப்போது பல் வெட்டிய ஒரு தண்டும், அதைச் சுற்றிப் பிளாஸ்டிக் வளையமும் தெரியும். அதற்கும் பின்னால் இருக்கும் பெரிய பித்தளை நட்டைத் தொடாதீர்கள். அது காட்ரிட்ஜைப் பிடித்திருப்பது, கழற்றினால் தண்ணீர் பீறிடும்.

தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே தண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, தெர்மாமீட்டர் 38 காட்டும் இடத்தில் நிறுத்துங்கள். ஒவ்வொரு முறையும் அரை நிமிடமாவது பொறுங்கள், மெழுகுக்கு அந்த அவகாசம் வேண்டும். 38 என்ற எண் குறிக்கு நேரே வரும்படி குமிழைத் திரும்பச் செருகினால் திருத்தம் முடிந்தது. மேல் எல்லைக்கும் இதே வழிதான். தண்டை வெந்நீர்ப் பக்கம் திருப்பி 43 காட்டும் இடத்தில் நிறுத்துங்கள். வளையத்தை வெளியே இழுத்து, அதன் முளை தடுப்பில் முட்டும்படி பல் பார்த்துச் செருகுங்கள். மாடலுக்கு மாடல் வளையத்தின் அமைப்பு மாறும். பெட்டிக்குள் வந்த தாளில் படம் போட்டிருப்பார்கள், தூக்கிப் போடாமல் வைத்திருந்தால் இப்போது உதவும். எல்லாம் மாட்டிய பிறகு குமிழைப் பொத்தானோடு சேர்த்துக் கடைசிவரை திருப்பி மறுபடி அளந்து பாருங்கள். கடைசியாக ஒரு சோதனை: ஷவர் ஓடும்போதே பச்சைத் தண்ணீரின் ஆங்கிள் வால்வை மூடுங்கள், கையை ஷவருக்கு அடியில் வைக்காதீர்கள். சில விநாடிகளில் வெந்நீரும் நிற்க வேண்டும். நிற்காமல் கொட்டினால் எந்த எண்ணை வைத்தும் பிரயோசனமில்லை, காட்ரிட்ஜ் போய்விட்டது.

எத்தனை டிகிரி வைக்கலாம்? இங்கிலாந்தில் மருத்துவமனை, முதியோர் இல்லங்களின் ஷவர்களுக்கு 41 டிகிரிதான் உச்ச வரம்பு. வீட்டில் வயதானவர்களோ சர்க்கரை நோயாளிகளோ குழந்தைகளோ இருந்தால் நானும் அதையே சொல்வேன். மற்றவர்களுக்கு 43 தாராளம். எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற அன்று இது போதாது, சீயக்காய் போட்டாலும் பிசுக்குப் போகவில்லை என்று வீட்டில் குரல் வரும். தனியாக ஒரு வாளியில் விளாவிக்கொள்ளட்டும், அதற்காக ஷவரின் எல்லையை உயர்த்த வேண்டாம். கைக்குழந்தைக்கு 37-ஐ ஒட்டி இருந்தால் போதும். முழங்கையை விட்டுப் பார்க்கும் பாட்டிகளின் வழக்கத்தை தெர்மாமீட்டர் வந்துவிட்டது என்று கைவிட வேண்டியதில்லை.

இந்த வால்வுகள் நல்ல அழுத்தத்தில் தண்ணீர் வரும் ஊர்களுக்காக வடிவமைக்கப்பட்டவை. ஷவருக்கு மூன்று மீட்டர் உயரத்தில் சின்டெக்ஸ் தொட்டி இருந்தால் கிடைக்கும் அழுத்தம் 0.3 பார்தான்; பல தயாரிப்புகள் குறைந்தது 0.5, முடிந்தால் 1 பார் கேட்கும். வாங்குமுன் பெட்டியில் இதைப் பாருங்கள். பிரஷர் பம்ப் வைப்பதானால் வெந்நீர், பச்சைத் தண்ணீர் இரண்டு வழிக்கும் சேர்த்து வையுங்கள். ஒன்றில் மட்டும் வேகம் இருந்தால் வால்வு திணறும். கீசரின் தண்ணீரும் ஷவர் சூட்டைவிடப் பத்துப் பதினைந்து டிகிரியாவது கூடுதலாக இருந்தால்தான் அது ஒழுங்காக வேலை செய்யும். கீசரை 45-இல் வைக்காதீர்கள் என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். சுவிட்சைப் போட்ட மாத்திரத்தில் சுடும் 3 லிட்டர் கீசரோடு இதை இணைப்பது வீண் செலவு, சூடு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்.

அக்னி நட்சத்திரத்தில் இந்தக் கணக்கெல்லாம் தலைகீழாகிவிடும். மத்தியானம் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து பச்சைத் தண்ணீர்க் குழாயிலேயே வெந்நீர் வரும். தொட்டித் தண்ணீரைவிடக் குளிர்ச்சியாக எந்த வால்வாலும் தர முடியாது. அந்த மாதங்களில் சோலார் ஹீட்டர் வைத்திருப்பவர்கள்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். கீசரைப்போல அதற்கு 60-இல் நிறுத்தும் குமிழ் இல்லை. வெயில் காய்ந்து, வீட்டில் யாரும் பயன்படுத்தாமல் இரண்டு நாள் கிடந்தால் தண்ணீர் 70, 80 என்று ஏறிவிடும். தெர்மோஸ்டாட்டிக் வால்வு வாங்க ஒரே ஒரு காரணம் சொல்லச் சொன்னால் சோலாரைத்தான் சொல்வேன்.

போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் காட்ரிட்ஜின் மேல் வெள்ளையாகச் சுண்ணாம்பு படியும். குமிழ் இறுகுவதும், 38-இல் வைத்தும் தண்ணீர் ஆறிப்போய் வருவதும் அதன் அடையாளம். இரண்டு ஆங்கிள் வால்வையும் மூடிவிட்டுக் காட்ரிட்ஜைக் கழற்றி, வினிகரில் சில மணி நேரம் ஊறவைத்து, பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். உப்புக் காகிதம் வேண்டாம், ரப்பர் வளையம் கிழிந்துவிடும். அதற்கும் மசியாவிட்டால் புதுக் காட்ரிட்ஜ்தான். மாடல் எண்ணை எங்காவது குறித்து வையுங்கள். தஞ்சாவூரில் எந்தக் கடைக்குப் போனாலும் முதலில் கேட்பது அதைத்தான்.