அட்டவணையே வழிகாட்டி

எலக்ட்ரான்கள் நிரம்பும் வரிசையைத் தனியே மனப்பாடம் செய்யத் தேவையில்லை. தனிம வரிசை அட்டவணையை இடமிருந்து வலமாக, வரிசை வரிசையாகப் படித்தாலே போதும். இடது ஓரத்து இரண்டு நிரல்கள் எஸ் தொகுதி, வலப்புறத்து ஆறு பி, நடுவிலுள்ள பத்து டி, அடியில் தனியே வைத்த பதினான்கு எஃப். ஹீலியம் மட்டும் வலது மூலையில் இருந்தாலும் எஸ் வகைதான்.

இரும்பின் அணு எண் 26. ஹைட்ரஜனிலிருந்து அதுவரை எண்ணிக்கொண்டே வந்தால் 1எஸ்-இல் 2, 2எஸ்-இல் 2, 2பி-இல் 6, 3எஸ்-இல் 2, 3பி-இல் 6, 4எஸ்-இல் 2, மீதி 6 எலக்ட்ரான்கள் 3டி-இல். நான்காம் வரிசையில் 4டி வராமல் 3டி வருவதில்தான் மாணவர்கள் தடுமாறுகிறார்கள்: டி-க்கு வரிசை எண்ணில் ஒன்றும், எஃப்-க்கு இரண்டும் குறைக்க வேண்டும்.

குரோமியமும் தாமிரமும் இந்த விதிக்கு அடங்குவதில்லை. 4எஸ்-இல் ஒன்றே ஒன்று நிற்க, குரோமியத்தின் 3டி-இல் 5, தாமிரத்தின் 3டி-இல் 10.