பழைய ஹோட்டலைப் புதுப்பித்தலும் கடை நேரமும்: சட்டம் என்ன சொல்கிறது?

தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் ஹோட்டல் ஒன்று நம் ஊர்க் கடைவீதிகள் பலவற்றில் உண்டு. அதே கட்டடத்தின் முன்புறத்தில் ஒரு மளிகைக் கடை, ஒரு வெற்றிலை பாக்குக் கடை, பக்கத்துச் சந்தில் ஒரு அரிசிக் கடை என்று சிறு வியாபாரிகள் வாடகைக்கு இருப்பார்கள். ஹோட்டலுக்கு வரும் கூட்டமே இவர்களுக்கும் வியாபாரம்.

இப்படிப்பட்ட கட்டடத்தைப் புதுப்பிக்க உரிமையாளர் முனையும்போதுதான் தகராறு ஆரம்பமாகிறது. வாடகைக்கு இருப்பவர் காலி செய்ய வேண்டுமா? பழமையான கட்டடத்தை இடிக்கலாமா? புதுப்பித்த பின் இரவு முழுவதும் கடையைத் திறந்து வைக்கலாமா? மூன்றும் ஒரே வழக்கு போலத் தோன்றும். உண்மையில் இவை மூன்று வெவ்வேறு சட்டங்களின் கீழ் வருபவை. ஒன்றுக்குப் பெற்ற அனுமதி மற்றொன்றுக்குச் செல்லாது. இதை அறியாமல் பொருளையும் காலத்தையும் இழக்கும் வியாபாரிகள் உண்டு என்பதால் இங்கே சற்று விளக்குகிறோம்.

மராமத்தும் வாடகைதாரரும்

முதலில் வாடகைச் சட்டம். தமிழ்நாட்டில் நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது 1960ஆம் ஆண்டின் கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம். அதன் 14ஆவது பிரிவு மராமத்தையும் இடித்துக் கட்டுவதையும் தனித்தனியாகப் பிரித்தது. மராமத்துக்காக மட்டும் காலி செய்தால், வேலை முடிந்தபின் அதே வாடகைதாரருக்கு இடத்தைத் திரும்பத் தர வேண்டும். இடித்துப் புதிதாகக் கட்டுவதானால் அந்த உரிமை கிடையாது. ஆனால் இடத்தைப் பெற்ற ஒரு மாதத்துக்குள் இடிக்கத் தொடங்கி, மூன்று மாதத்துக்குள் முடிப்பதாக உரிமையாளர் உறுதிமொழி தர வேண்டும். எனவே "இது மராமத்தா, இடிப்பா?" என்ற கேள்வியே பல வழக்குகளின் உயிர்நாடியாக இருந்தது.

2019 பிப்ரவரி 22 முதல் 2017ஆம் ஆண்டின் புதிய வாடகைச் சட்டம் நகர்ப்புறங்களில் நடைமுறைக்கு வந்தது. இதன்படி எழுத்து மூலமான ஒப்பந்தம் கட்டாயம். அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவும் வேண்டும். ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறுவதே காலி செய்யக் கோருவதற்கு ஒரு காரணமாகிவிட்டது. மராமத்துக்காக வெளியேறியவர் மீண்டும் குடிவருவதும் இரு தரப்பாரும் ஒத்துக்கொண்டு புதிய ஒப்பந்தம் செய்து, அதை அதிகாரியிடம் தாக்கல் செய்தால்தான் நடக்கும். "அப்பா காலத்திலிருந்து இருக்கிறோம், வேலை முடிந்ததும் முதலாளி கூப்பிடுவார்" என்று வாய்ச்சொல்லை நம்பிச் சாவியைக் கொடுத்தவர் கடையை இழக்க நேரிடும். காலி செய்வதற்கு முன்பே, திரும்பி வரும் தேதி, இடத்தின் அளவு, புதிய வாடகை மூன்றையும் எழுதி வாங்கிக்கொள்வதே விவேகம்.

ஹோட்டல் நடத்துபவரே வாடகைதாரராக இருந்தாலும் எச்சரிக்கை தேவை. உரிமையாளரின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் சுவரை இடிப்பதும், மாடி எழுப்புவதும் அவர் கையில் நாமே ஆயுதத்தைக் கொடுப்பதாகும். பெயரும் புகழும் இதில் காப்பாற்றா. சென்னை கதீட்ரல் சாலையில் 1962 முதல் நடந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஹோட்டலை அறியாதவர் இல்லை. ஆனால் நிலம் ஹோட்டலுக்குச் சொந்தமானதன்று. 2008ல் அது மூடப்பட்டது. அந்த இடத்தில் 2010ல் செம்மொழிப் பூங்கா திறக்கப்பட்டது.

பழமைக்கும் ஒரு பாதுகாப்பு

இரண்டாவது, பாரம்பரியக் கட்டடங்கள் பற்றியது. சொந்தக் கட்டடம்தானே, இடித்தால் யார் கேட்பது என்று எண்ணுவதற்கில்லை. சென்னை அண்ணா சாலையில் உள்ள பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தின் வரலாறு இதற்குச் சான்று. 1897ல் எழுந்த இக்கட்டடம் முதலில் ஸ்மித் என்ற மருந்து வியாபாரியின் கடையாக இருந்தது. பிறகு பாரத் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும், அதன்பின் எல்.ஐ.சி.க்கும் சொந்தமாயிற்று. 2006ல் இடிக்கும் வேலை தொடங்கியபோது, பாரம்பரியப் பாதுகாப்பில் ஈடுபட்டுள்ள இன்டாக் அமைப்பு உயர் நீதிமன்றத்தை அணுகியது. 2010ல் நீதிமன்றம் இடிப்பதற்குத் தடை விதித்தது.

நீதிபதி பத்மநாபன் குழு தொகுத்த பட்டியலில் இடம்பெற்ற 400க்கு மேற்பட்ட சென்னைக் கட்டடங்களுக்கும் இத்தீர்ப்பால் பாதுகாப்புக் கிடைத்தது. 2012ல் தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டமும் இயற்றப்பட்டது.

இதில் வியாபாரிகள் கவனிக்க வேண்டிய மறுபக்கமும் உண்டு. தீர்ப்பு வந்தபின்னும் அந்தக் கட்டடம் பல ஆண்டுகள் பாழடைந்தே நின்றது. இடிக்கக் கூடாது என்று நீதிமன்றம் சொல்லலாம்; செப்பனிட்டு நடத்தும் செலவு உரிமையாளர் தலையில்தான். ஆகவே பழைய ஹோட்டலை வாங்குவோரும், அதில் கடை பிடிப்போரும் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே, அது பாரம்பரியப் பட்டியலில் உள்ளதா என்று விசாரித்துக்கொள்ள வேண்டும். சென்னையில் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தில் இதைக் கேட்கலாம்.

கடை திறக்கும் நேரம்

மூன்றாவது, நேரம். கட்டட அனுமதி எத்தனை பக்கம் இருந்தாலும் இரவு எத்தனை மணி வரை வியாபாரம் செய்யலாம் என்பதை அது தீர்மானிக்காது. கடைகளுக்கு 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் உள்ளது. ஹோட்டல் தொழிலாளரின் வேலை நேரம், ஓய்வு ஆகியவற்றுக்கு 1958ஆம் ஆண்டின் உணவு நிறுவனங்கள் சட்டம் உள்ளது.

"தொழில் செய்வது என் அடிப்படை உரிமை; நேரம் குறிக்க அரசு யார்?" என்ற கேள்வி புதிதன்று. பஞ்சாபில் பிரோஸ்பூர் கடைக்காரர் ஒருவர் வேலையாள் யாரையும் வைக்காமல் குடும்பத்தாரைக் கொண்டே கடை நடத்தினார். வார விடுமுறை நாளில் திறந்ததற்காக அபராதம் விதிக்கப்பட்டபோது உச்ச நீதிமன்றம் வரை சென்றார். 1960ல் வந்த தீர்ப்பு அவருக்குப் பாதகமாக அமைந்தது. தொழில் உரிமை உண்டு, ஆனால் பொது நலனுக்காக நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம்; உழைப்பவர் முதலாளியே ஆனாலும் அவர் உடல்நலமும் பொது நலனில் அடங்கும் என்பது அதன் சாரம்.

தமிழ்நாட்டில் 2019 மே மாதம் வெளியான அரசாணை, பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் கடைகளும் நிறுவனங்களும் எல்லா நாளும் 24 மணி நேரமும் திறந்திருக்க அனுமதித்தது. மூன்று ஆண்டுகளுக்கு வந்த அந்த அனுமதி 2022ல் நீட்டிக்கப்பட்டது. ஒவ்வொரு தொழிலாளிக்கும் சுழற்சி முறையில் வாரத்தில் ஒரு நாள் விடுமுறை, ஒரு நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி வேலை, கூடுதல் வேலைக்குத் தனி ஊதியம், இரவில் வேலை செய்யும் பெண்களிடம் எழுத்து மூலமான சம்மதமும் அவர்களுக்குப் பாதுகாப்பும் ஆகியவை நிபந்தனைகள்.

பெரிய ஹோட்டலுக்கும் பல்பொருள் அங்காடிக்கும் இது வசதி. மூன்று, நான்கு பையன்களை வைத்துக்கொண்டு கடை நடத்தும் நம் மளிகை வியாபாரி இந்த ஆணையின் வரம்புக்குள் வரவில்லை. பக்கத்து ஹோட்டல் விடிய விடியத் திறந்திருப்பதால் நமக்கும் அதே உரிமை என்று கொள்ள முடியாது. இந்த வேறுபாடு சிறு வியாபாரத்தைப் பாதிப்பதால், இதனைச் சங்கங்கள் வாயிலாக அரசிடம் எடுத்துரைப்பதே முறை. மேலும், இத்தகைய ஆணைகள் காலவரையறை உள்ளவை. நடப்பில் உள்ள ஆணை எது என்று தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டு, அதன் நகலைக் கடையில் வைத்திருப்பது நல்லது.

தகராறு வருமுன்

1. வாடகை ஒப்பந்தம், வாடகை ரசீது, உரிமம், சம்மதக் கடிதம் ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்திருங்கள்.

2. வேலை தொடங்குமுன் கட்டடத்தைப் படம் எடுத்து வையுங்கள். பழைய சுவர் எங்கே இருந்தது என்ற கேள்விக்கு அதுவே சாட்சி.

3. கடையை மூடுமாறு அதிகாரி எவரேனும் வாய்மொழியாகச் சொன்னால், எந்தச் சட்டப்படி என்று மரியாதையுடன் கேட்டு, எழுத்தில் உத்தரவு கோருங்கள். எழுத்தில் உள்ள உத்தரவை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு தாக்கல் செய்வது எளிது.

4. வாடகை வழக்கு நடக்கும் காலத்திலும் வாடகையை நிறுத்தாதீர்கள். பாக்கி வைத்தால் நியாயம் நம் பக்கம் இருந்தும் வழக்குத் தோற்கும்.

பழைய ஹோட்டல் புதுப்பொலிவு பெற்றால் கடைவீதிக்கே ஆதாயம்தான். அந்த ஆதாயத்தில் முன்புறத்துச் சிறு கடைக்காரருக்கும் பங்கு கிடைக்க வேண்டுமானால், முதல் செங்கல்லை எடுக்குமுன் ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டும்.