சிரட்டைத் தண்ணீரும் இத்தாலிக் காய்ச்சலும்

சிக்குன்குனியா, டெங்கு எல்லாம் வெயில் நாட்டு வியாதிகள், குளிர்நாட்டில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு அந்தக் கவலை இல்லை என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். 2007-ஆம் ஆண்டில் நடந்ததை அறிந்தால் அந்த எண்ணம் மாறிவிடும்.

அந்த ஆண்டு கேரளத்தில் சிக்குன்குனியா கடுமையாகப் பரவியது. இடுக்கி, கோட்டயம், பத்தனம்திட்டை மாவட்டங்களின் ரப்பர் தோட்டங்களில், பால் வடிக்கும் சிரட்டைகளில் மழைநீர் தேங்கி, கொசு பெருகியது. ஜூன் மாதம் கேரளத்திலிருந்து ஒருவர், வட இத்தாலியில் ராவென்னா நகருக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்திற்கு உறவினரைக் காணச் சென்றார். அங்கே அவருக்குக் காய்ச்சல் கண்டது. சில வாரங்களில் அக்கம்பக்கத்துக் கிராமங்களில் காய்ச்சலும் மூட்டுவலியும் பரவி, 200-க்கும் மேற்பட்டோர் படுத்துவிட்டனர்.

நோய்க்கிருமி அவரோடு போனது. ஆனால் அதைப் பரப்பும் புலிக்கொசு முன்பே அங்கு இருந்தது. பழைய டயர் வியாபாரத்தின் வழியாக 1990 வாக்கில் இத்தாலிக்குள் நுழைந்த கொசு அது. அதன் முட்டை குளிர்காலம் முழுதும் உறங்கி, வெயில் வந்ததும் பொரியும்.

அதன்பின் அந்த மாநிலத்தார் கண்காணிப்பைப் பலப்படுத்தினார்கள். கறுப்பு டப்பாவில் தண்ணீர் ஊற்றி, சிறு பலகைத் துண்டைச் செருகி வைக்கிறார்கள். கொசு அதில் இடும் முட்டைகளை எண்ணி, எந்தப் பகுதியில் கொசு பெருகுகிறது என்று அறிகிறார்கள். வெளிநாடு சென்று வந்தவருக்கு இந்நோய் இருக்கலாம் என்று தெரிந்தாலே, சுற்றியுள்ள வீடுகளில் கொசு ஒழிப்பு தொடங்கிவிடும். ரயில்வேயில் கீமேன் தினமும் தண்டவாளத்தோடு நடப்பதும் இதைப் போன்றதுதான். விபத்து நடக்கும்வரை அவர் காத்திருப்பதில்லை.

நம் ஊரில் சுகாதாரப் பணியாளர் குடத்தையும் பூந்தொட்டியையும் எட்டிப் பார்ப்பதும் அதே வேலைதான். 100 வீடுகளில் புழு உள்ள பாத்திரங்கள் எத்தனை என்று எண்ணுகிறார். 20 இருந்தால் 'பிரெட்டோ குறியீடு' 20. அவரை வாசலோடு அனுப்பிவிட்டால் கணக்கு தவறிப்போகும்.

மீனாட்சிபுரத்தில் எல்லை தாண்டுவது நமக்கு அன்றாட வழக்கம். காய்ச்சல் கண்டால் சிலர் பொள்ளாச்சிக்கும் சிலர் பாலக்காட்டிற்கும் போகிறோம். ஆகவே டாக்டர் கேட்காவிட்டாலும், கடந்த இரண்டு வாரங்களில் எங்கெங்கே போய் வந்தோம் என்று நாமே சொல்ல வேண்டும். வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லுங்கள். விடுமுறைக்கு வந்து திரும்பியபின் காய்ச்சல் கண்டால், இந்தியா போய் வந்ததை அங்குள்ள டாக்டரிடம் முதலிலேயே சொல்லட்டும்.

காய்ச்சலின் முதல் வாரத்தில்தான் கொசு நோயாளியிடமிருந்து கிருமியை எடுக்கும். இக்கொசுக்கள் பகலில் கடிப்பவை. எனவே நோயாளிக்குப் பகலிலும் கொசுவலை வேண்டும்.

முட்டை கொசுவாக ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டிவிட்டு, பாத்திரத்தின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். காய்ந்த பாத்திரத்தில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். பிரிட்ஜின் பின்புறத் தட்டை மறக்க வேண்டாம்.