கருனி நிரலில் செயற்கூறுகளுக்குப் பெயரிடல்

கருனி நிரலில் செயற்கூறுகளுக்குப் பெயரிடல் என்பது, இயங்குதளம் ஒன்றின் கருனியில் உள்ள செயற்கூறுகளுக்கு, அவற்றின் பணியும் பயன்படுத்தும் நிபந்தனையும் விளங்குமாறு பெயர் சூட்டும் நடைமுறையாகும். கருனிகள் பெரும்பாலும் சி மொழியில் எழுதப்படுகின்றன. ஒரு செயற்கூற்றை அழைக்குமுன் பூட்டு இடப்பட வேண்டுமா, திரும்பி வரும் எண் வெற்றியைக் குறிக்கிறதா பிழையைக் குறிக்கிறதா என்பவற்றை அம்மொழியின் தொகுப்பி சரிபார்ப்பதில்லை. ஆகவே பெயரைப் பார்த்துத் தவறாக ஊகிக்கும் நிரலாளரின் பிழை, கணினி முழுவதையும் நிறுத்திவிடவோ பாதுகாப்பைக் குலைக்கவோ கூடும்.

வரலாறு

தொடக்ககால யுனிக்சில் பெயர்கள் மிகக் குறுகியவை. கோப்பை உருவாக்கும் 'கிரியேட்' அழைப்பின் ஆங்கில எழுத்துக்கூட்டலில் இறுதி 'ஈ' விடுபட்டிருப்பது இதற்குப் பெயர்போன எடுத்துக்காட்டு. பல கோப்புகளுக்குப் பொதுவான பெயர்களில் முதல் 6 எழுத்துகளை மட்டும் வேறுபடுத்தி அறிந்தாற் போதும் என்றே 1989 ஆம் ஆண்டின் சி சீர்தரமும் கூறியது. 1999 ஆம் ஆண்டின் சீர்தரம் அதனை 31 ஆக உயர்த்தியது.

லினக்ஸ் மரபு

லினக்ஸ் கருனியின் நிரல் நடைக் கையேடு, ஒரு செயற்கூற்றுக்குள் மட்டும் வழங்கும் மாறிகளுக்குச் சிறு பெயரே போதும் என்கிறது. கருனி முழுவதும் புழங்கும் செயற்கூறுகளுக்கோ விளக்கமான பெயர் வேண்டும். பயனர்களை எண்ணும் செயற்கூறு 'கவுன்ட்_ஆக்டிவ்_யூசர்ஸ்' எனப்பட வேண்டுமேயன்றி, உயிரெழுத்துகளை விழுங்கிய சுருக்கமாக இருத்தலாகாது. மாறியின் வகையைப் பெயரிலேயே பொதியும் அங்கேரிய முறையை அது கடுமையாகவே சாடுகிறது.

திரும்பும் மதிப்பு பற்றிய விதி மேலும் பயனுள்ளது. பெயர் ஒரு கட்டளையாக இருந்தால் ('ஆட்_வொர்க்') வெற்றிக்கு 0, தோல்விக்கு எதிர்ம எண் திரும்ப வேண்டும். பெயர் ஆம், இல்லை என விடை கூறத்தக்கதாக இருந்தால் ('பிசிஐ_டெவ்_பிரசன்ட்') ஆம் என்பதற்கு 1, இல்லை என்பதற்கு 0. இரண்டிலும் 0 எதிரெதிர்ப் பொருள் தருவதால், பெயரின் இலக்கணமே இங்கு வழிகாட்டியாகிறது.

சி மொழியில் பெயர்வெளி இல்லாமையால் 'யுஎஸ்பி_', 'டிசிபி_' போன்ற துணைத்தொகுதி முன்னொட்டுகள் வழங்குகின்றன. நேரங்காட்டிகளுக்கான 'டெல்_டைமர்' இம்மரபுக்கு இணங்க 2022 இல் 'டைமர்_டிலீட்' எனப்பட்டது. பழைய பெயர் 2025 இல் நீக்கப்பட்டது.

தவறாக வழிநடத்திய ஒரு பெயர்

'கேஇசட்அலாக்' என்னும் செயற்கூறு நினைவகத்தை ஒதுக்கிச் சுழியங்களால் நிரப்பித் தரும். பெயரிலுள்ள 'இசட்' சுழியத்தைக் குறிக்கும். கடவுச்சொல், மறையீட்டுத் திறவி போன்ற இரகசியங்கள் இருந்த நினைவகத்தை அழித்துவிட்டு விடுவிக்க 'கேஇசட்ஃபிரீ' இருந்தது. முன்னதால் ஒதுக்கியதைப் பின்னதால்தான் விடுவிக்க வேண்டும் என்று எண்ணும்படி இவ்விரு பெயர்களும் சோடியாகத் தோன்றின. உண்மையில் அப்படி யாதொரு தொடர்பும் இல்லை. பயன்பாட்டில் ஒப்புமை இல்லாதபோது பெயரில் ஒப்புமை இருப்பது ஏமாற்றும் என்று லினஸ் டோர்வால்ட்ஸ் வாதிட்டார். 2020 இல் அது 'கேஃபிரீ_சென்சிட்டிவ்' எனப் பெயர் மாற்றப்பட்டது. எப்படி அழிக்கிறது என்பதைச் சொன்ன பெயர் போய், எதற்காக அழிக்கிறது என்பதைச் சொல்லும் பெயர் வந்தது.

பெயரின் எல்லை

முன்னால் இரண்டு அடிக்கோடுகள் உள்ள பெயர், வழக்கமாக, சில சோதனைகளையோ பூட்டையோ அழைப்பவர் பொறுப்பில் விட்டுவிடும் உள்வடிவத்தைக் குறிக்கும். 'அன்சேஃப்_' என்ற முன்னொட்டு இன்னும் வெளிப்படையானது. எனினும் 2017 இல் வெளியான லினக்ஸ் 4.13 இல், 'வெயிட்ஐடி' அழைப்பு 'அன்சேஃப்_புட்_யூசர்' என்பதைப் பயன்படுத்தியபோது, முகவரி பயனருக்கு உரியதா என்ற சோதனை விடுபட்டுப்போயிற்று. இதனால் சாதாரணப் பயனர் கருனியின் நினைவகத்திலேயே எழுத முடிந்தது. அவ்வாண்டே வழு திருத்தப்பட்டது. 2019 இல் லினக்ஸ் 5.0 வெளிவருமுன், இவ்வகை அழைப்புகளுக்கு முன்னர் வரவேண்டிய 'யூசர்_அக்செஸ்_பிகின்' என்பதற்குள்ளேயே அச்சோதனை சேர்க்கப்பட்டது.